கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு செக் வெண்கல உருவங்கள் சேகரிப்பது எப்படி

வெண்கலம் என்றவுடன் நம் பக்கத்து வீடுகளில் நினைவுக்கு வருபவை பொங்கல் பானை, குத்துவிளக்கு, கோயிலில் புறப்பாட்டுக்கு எழுந்தருளும் உற்சவர் ஆகியவைதாம். அந்தப் பழக்கத்தோடு ஐரோப்பிய வெண்கல உருவம் ஒன்றைக் கையிலெடுப்பவர் இரண்டு தவறுகளில் ஒன்றையாவது செய்துவிடுவார். கனம் போதவில்லையே என்று ஐயப்பட்டு நல்ல பொருளைத் திருப்பி வைத்துவிடுவார். அல்லது கறுத்துக் கிடக்கிறதே என்று புளி போட்டுத் துலக்கி, கொடுத்த விலையில் பெரும்பகுதியைச் சாக்கடையில் ஊற்றிவிடுவார். முதல் தவறை நானே செய்தேன். இரண்டாவது, கிருஷ்ணகிரியில் என் வீட்டுப் பின்கட்டில் நடந்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

தொடக்கத்தில் ஒரே சிற்பியைத் தேர்ந்துகொண்டு, அவர் செய்த உருவங்கள் எவை, அவற்றை எந்தப் பொருளில் செய்தார், அவை எப்போது வெண்கலமாயின என்பதைப் படித்துவிட்டு, அதன் பிறகே விலைப்பட்டியலைத் திறக்க வேண்டும். என் தேர்வு செக் சிற்பி ஓட்டோ குட்ஃபிராய்ண்ட். 1889இல் பொஹீமியாவில் த்வூர் க்ராலொவே என்ற ஊரில் பிறந்த இவர், பிராக் நகரின் கலைத்தொழிற் பள்ளியில் பயின்று, 1909இல் பாரிசுக்குச் சென்று அந்துவான் பூர்தெல்லிடம் சிற்பம் கற்றார். உருவங்களைக் கோணத் தளங்களாக உடைத்துக் காட்டும் கியூபிசம் ஓவியத்தில் வேர்பிடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்த முதல் சிலருள் இவரும் ஒருவர். 1911இல் தொடங்கிய ‘பதற்றம்’ என்ற உருவத்தில், மார்பருகே கைகளை இறுக்கி, போர்வைக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். போர்வையின் மடிப்புகள் துணி போலத் தொங்காமல், உளி வைத்துப் பிளந்த பாறையின் முகங்களைப் போலக் கோணம் கோணமாக உடைந்து நிற்கின்றன. 1914இல் போர் வெடித்தபோது பாரிசில் இருந்தவர் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்தார். 1920இல் தாயகம் திரும்பிய பின் கோணங்களைக் கைவிட்டு, உழைக்கும் எளிய மனிதர்களை வடிக்கலானார். பிராக் நகரில் லெகியோ வங்கிக் கட்டடத்தின் முகப்பில் ஓடும் நீண்ட புடைப்புச் சிற்பம் அந்தக் காலத்தது. 1927 ஜூன் 2 அன்று வல்டாவா ஆற்றில் மூழ்கி இறந்தபோது அவருக்கு வயது 37.

உருவான ஆண்டு, வார்த்த ஆண்டு

சேகரிப்பவர் கற்க வேண்டியவற்றுள் பாதி இந்தத் தலைப்புக்குள் அடங்கிவிடும். குட்ஃபிராய்ண்ட் இறந்தபோது அவருடைய கியூபிச உருவங்களில் பெரும்பாலானவை பிளாஸ்டர் உருக்களாகவே இருந்தன. இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் வெண்கலங்களில் பல, அவர் மறைவுக்குப் பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிளாஸ்டர்களிலிருந்து வார்க்கப்பட்டவை. ஆகவே ஏலப் பட்டியலில் ‘1911’ என்றோ ‘1913’ என்றோ காணும்போது, அது சிற்பி மண்ணைப் பிசைந்து உருவம் சமைத்த ஆண்டு என்றே கொள்ள வேண்டும். உலோகம் ஊற்றிய ஆண்டு வேறாக இருக்கலாம், விலையை முடிவு செய்வதும் அதுதான். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எப்போது வார்த்தது, எந்த உருவிலிருந்து வார்த்தது’ என்பதே. இதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் மேற்கொண்டு பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

இந்தக் கேள்வி நமக்கு ஏன் எளிதில் தோன்றுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, மண் அச்சை உடைத்து எடுக்கிறார். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. ஒரு வார்ப்புக்கு ஒரு மூர்த்திதான். ஐரோப்பிய முறையிலோ பிளாஸ்டர் மூலத்திலிருந்து நெகிழ்வான அச்சு எடுத்து, அந்த அச்சின் உட்புறத்தில் மெழுகை மெல்லிய தோல் போலப் படியவைத்து, எத்தனை மெழுகுப் படிகள் வேண்டுமோ அத்தனையும் எடுக்கலாம். புத்தகம் போலச் சிற்பத்துக்கும் ‘பதிப்பு’ என்ற கருத்து அங்கிருந்துதான் வருகிறது. அடித்தட்டில் 3/8 என்று பொறித்திருந்தால் எட்டுப் படிகள் கொண்ட பதிப்பில் மூன்றாவது என்று பொருள். எட்டு எண்ணிட்ட படிகளும், கலைஞருக்கென ஒதுக்கும் ‘கலைஞர் படிகள்’ நான்குமாகப் பன்னிரண்டு வரை மூலப் பதிப்பாகக் கொள்வது பிரான்சில் நிலைபெற்ற வழக்கம். மற்ற நாட்டு வார்ப்பகங்கள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. பழைய செக் வார்ப்புகளில் எண்ணே இல்லாதவையும் உண்டு என்பதால், எண் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பொருளைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

பதிப்புரிமைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சிற்பி இறந்து 70 ஆண்டுகள் என்ற விதிப்படி குட்ஃபிராய்ண்டின் உரிமை 1997 முடிவோடு காலாவதியாகிவிட்டது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அவருடைய உருவத்தை வார்த்து விற்கலாம், அது சட்ட மீறலாகாது. ‘முழுக்கச் சட்டப்படியான வார்ப்பு’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்; அதனால் அந்தப் பொருள் மூலப் பதிப்பைச் சேர்ந்ததாகிவிடாது. 1925இல் மறைந்த இன்னொரு செக் சிற்பி யான் ஷ்டுர்சாவுக்கும் இதே நிலைதான். மாறாக, பிராக் நகரில் பெத்ஷீன் குன்றின் அடிவாரத்தில் கம்யூனிச ஆட்சியில் பலியானோருக்கு 2002இல் எழுந்த நினைவுச் சின்னத்தில், படி ஏற ஏற உடல் சிதைந்து மறையும் வெண்கல மனிதர்களை வடித்த ஒல்ப்ராம் ஸோபெக் 2017இல்தான் காலமானார். அவருடைய உருவங்களுக்கு உரிமை 2087 முடியும்வரை உண்டு. வாரிசுகளின் ஒப்புதல் இல்லாத வார்ப்பை அவர் பெயரில் வாங்குவது திருட்டுப் பொருள் வாங்குவதற்குச் சமம்.

பட்டியல்கள் பெரும்பாலும் செக் மொழியில் இருக்கும். பத்துச் சொற்கள் தெரிந்தால் போதும், மொழிபெயர்ப்புச் செயலி தடுமாறும் இடத்தில் அவை கைகொடுக்கும். ‘ஸாத்ரா’ என்றால் பிளாஸ்டர், ‘வீஷ்கா’ உயரம், ‘சிக்னோவானோ’ கையொப்பமிட்டது, முன்னால் ‘நெ’ சேர்ந்தால் கையொப்பம் இல்லாதது, ‘ஸ்லேவார்னா’ வார்ப்பகம், ‘ஒட்லிட்டெக்’ வார்ப்பு. கடைசிச் சொல்லுக்கு முன்னால் ‘போஸ்தியேய்ஷீ’ என்று வந்தால் பிற்கால வார்ப்பு என்றும், ‘போஸ்மர்ட்னீ’ என்று வந்தால் மறைவுக்குப் பின் வார்த்தது என்றும் பொருள். இந்த இரண்டு அடைமொழிகளும் பட்டியலின் கடைசி வரியில், சிறிய எழுத்தில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

அளவுகோலும் அடிப்பாகமும்

கையொப்பமும் எண்ணும் பொறிப்பது யாருக்கும் எளிது. உலோகத்தின் சுருக்கத்தை மறைப்பது கடினம். உருகிய வெண்கலம் ஆறும்போது நீளவாக்கில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்குகிறது. மெழுகும் தன் பங்குக்குச் சிறிது சுருங்கும். ஒருவர் மூலப் பிளாஸ்டர் கிடைக்காமல், முடிந்த வெண்கல உருவத்தின் மேலேயே அச்செடுத்து மறுவார்ப்புச் செய்தால், 40 சென்டிமீட்டர் உயர உருவம் 6 முதல் 8 மில்லிமீட்டர் குறைந்து பிறக்கும். எனவே அருங்காட்சியகப் படியின் அளவை நூலிலோ அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலிலோ பார்த்துக் குறித்துக்கொண்டு, விற்பவரிடம் மில்லிமீட்டர் கணக்கில் அளவு கேளுங்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெண்கலத்தை வெண்கலத்தோடுதான் ஒப்பிட வேண்டும்; பிளாஸ்டர் மூலத்தைவிட நல்ல வார்ப்பும் சற்றுச் சிறிதாகவே இருக்கும். அடித்தட்டையும் சேர்த்து அளக்கவும் கூடாது. தட்டை மாற்றுவதோ தடிமனாக்குவதோ எளிது. முகவாயிலிருந்து குதிகால் வரை, அல்லது ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கை வரை என, உருவத்துக்குள்ளேயே மாற்ற முடியாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து காலிப்பரால் அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள்.

மறுவார்ப்பில் இன்னொன்றும் தேய்ந்துபோகும். கியூபிச உருவத்தின் உயிரே இரண்டு தளங்கள் சந்திக்கும் விளிம்பில்தான் இருக்கிறது. மூலத்திலிருந்து வந்த வார்ப்பில் அந்த விளிம்பு கத்தி மடிந்தது போல் இருக்கும். மறுவார்ப்பில் கரைந்த சோப்புக் கட்டியின் ஓரம் போல் உருண்டிருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணுக்குப் பழக்க பிராக் வரை போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலோ நடுகற்களுக்கு முன் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நேர் எதிரிலிருந்து பார்த்தால் மங்கலாகத் தெரியும் வீரன், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்போது வில்லும் கையுமாக எழுந்து நிற்பான். வெயில் எந்த விளிம்பில் முறிகிறது, எங்கே வழுக்கிக்கொண்டு போகிறது என்று கவனிக்கப் பழகிய கண், வெண்கலத்தில் உருண்ட விளிம்பை உடனே பிடித்துவிடும். படம் அனுப்பும் விற்பனையாளரிடமும் விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்வது என் வழக்கம்.

கனத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, பெங்களூரில் பழம்பொருள் விற்பனை ஒன்றில் அமர்ந்த பெண் உருவம் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை லேசாக இருப்பது வெண்கலமாக இருக்காது, ரெசினாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி வைத்துவிட்டேன். நம் மூர்த்திகள் கனவார்ப்பு, உள்ளேயும் உலோகம்தான். ஐரோப்பிய உருவங்கள் பொள்ளல் வார்ப்பு. சுவர் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே அதிகம். 40 சென்டிமீட்டர் உருவம் 6, 7 கிலோ இருந்தால் அதில் குறையொன்றும் இல்லை. கனத்தைவிட அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பதுதான் பயன் தரும்: உட்சுவரில் வார்ப்பு மண்ணின் கருகிய எச்சம், உட்கருவைத் தாங்கிய ஆணிகளின் தடம், உலோகம் வழிந்து ஆறிய சொரசொரப்பு ஆகியவை தெரிய வேண்டும். உட்புறம் வழவழவென்று ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாகக் கலவை என்று ஐயப்படலாம். தொட்டவுடன் சில்லென்று இல்லாமல், நகத்தால் தட்டினால் பொத்தென்று ஒலித்தால் வெண்கலப் பொடி கலந்த ரெசின். காந்தம் வைத்துப் பார்ப்பதால் இரும்பு இல்லை என்பது மட்டுமே தெரியும். துத்தநாகமும் ரெசினும்கூடக் காந்தத்தில் ஒட்டா. நகைக்கடைத் தெருவில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் வைத்திருப்பவர் பழக்கமானால், சிறிய உருவத்தைக் கொண்டுபோய்ச் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று தோராயமாகப் பார்த்துவிடலாம்.

பதக்கத்திலிருந்து தொடங்கலாம்

குட்ஃபிராய்ண்டின் நல்ல வார்ப்பு நம்மில் பெரும்பாலோரின் கைக்கு எட்டாத விலை. ஆசையை அடக்க முடியாமல் மலிவான மறுவார்ப்பில் பணத்தைப் போடுவதைவிட, அதே நாட்டின் பதக்கங்களிலும் சிறு தகடுகளிலும் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. ஒட்டகார் ஷ்பானியெல் (1881–1955) செக்கோஸ்லோவாக்கியாவின் நாணயங்களை வடிவமைத்தவர். கதிர்க்கட்டும் அரிவாளுமாக மண்டியிட்ட பெண்ணைக் கொண்ட 1922ஆம் ஆண்டின் ஒரு கொரூனா நாணயம் அவர் கைவண்ணம்தான். நாணயம் நிக்கல் கலவை என்றாலும், விரல் நுனி அளவு இடத்தில் ஓர் உருவத்தின் எடையை எப்படி உணர்த்துவது என்பதை அதிலேயே கற்கலாம். அவருடைய வெண்கலப் பதக்கங்களையும் தேடிப் பிடிக்கலாம். உள்ளங்கையில் அடங்கும், அஞ்சலில் உடையாது.

பணம், சுங்கம், சட்டம்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஏல நிறுவனத்தின் கட்டணம், பொதிகட்டும் செலவு, காப்பீடு, விமானக் கட்டணம், இங்கே சுங்கமும் வரியும் என்று ஒவ்வொன்றாக ஏறும். பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். செக் குடியரசில் பண்பாட்டு மதிப்புள்ள பொருள்களின் விற்பனையையும் ஏற்றுமதியையும் 1994ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொருளுக்கு ஏற்றுமதிச் சான்று தேவையா என்பதை உறுதிசெய்து, தேவைப்பட்டால் வாங்கித் தருவது விற்பவரின் பொறுப்பு என்று பணம் அனுப்பும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பொதி வந்திறங்க நம் பக்கத்துக்குப் பெங்களூர் விமான நிலையம்தான் வசதி. அங்கே சுங்க முகவரிடம் பேசும்போது ஒரு விவரத்தில் கவனமாக இருங்கள். மூலச் சிற்பங்கள் சுங்கப் பட்டியலில் 9703 என்ற தலைப்பின் கீழும், சாதாரண உலோக அலங்கார உருவங்கள் 8306 என்ற தலைப்பின் கீழும் வருகின்றன. இரண்டுக்கும் வரி ஒன்றல்ல, விகிதங்களும் அவ்வப்போது மாறுகின்றன. விற்பவர் பொதியின்மேல் ‘அலங்காரப் பொம்மை’ என்று அலட்சியமாக எழுதிவிட்டால், பிறகு அதை மாற்றி நிறுவுவது உங்கள் தலைவலி. சிற்பியின் பெயர், வார்த்த ஆண்டு, பதிப்பு எண், வார்ப்பகம் எல்லாம் பில்லிலேயே இருக்க வேண்டும். நூறாண்டு கடந்த உலோகச் சிற்பமாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் குறுக்கே வரும். பதிவு பற்றி இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிப்பட்ட பொருளை மீண்டும் வெளிநாட்டுக்கு விற்றுவிடலாம் என்ற நினைப்பில் வாங்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின்

இனி என் வீட்டுக் கதை. முதன்முதலாக நான் வாங்கிய வெண்கலப் பதக்கம், மரப்பட்டை நிறத்தில், மேடுகளில் மட்டும் லேசாக மினுங்கிக்கொண்டு, அலமாரியில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் அத்தை வந்திருந்தார். நான் வேலை முடிந்து வீடு திரும்பியபோது பின்கட்டுத் துணி துவைக்கும் கல்லின்மேல் விளக்குகளும் சொம்புகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, கடைசியில் என் பதக்கமும். “எவ்வளவு அழுக்கு இருந்துச்சு தெரியுமா கண்ணு, தங்கமாட்டம் ஆக்கி வெச்சிருக்கேன் பாரு” என்றார். பதக்கத்திலிருந்த முகத்தின் புருவக் குழியிலும் தலைமுடிக் கோடுகளிலும் சாம்பல் அப்பியிருந்தது; மற்ற இடமெல்லாம் புதுப் பித்தளைக் குழாய் போல மஞ்சளாகப் பளபளத்தது. நல்ல புளி விளைகிற மாவட்டத்தில் பிறந்தவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அவர் அழுக்கு என்று நினைத்ததற்குப் பெயர் பாட்டினா. வார்த்து முடித்த உருவத்தைச் சூடாக்கி, வேதிக் கரைசல்களைத் தூரிகையால் தடவி, சிற்பியோ வார்ப்பகத்தாரோ வேண்டுமென்றே வரவழைத்த நிறம் அது. பிறகு காலமும் கைபட்ட தடமும் அதன்மேல் சேர்கின்றன. புளி, எலுமிச்சை, சாம்பல், பிராஸோ ஆகிய எதுவும் அதைத் தொடக் கூடாது. தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும். அழுத்தமான அழுக்கு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்து, உடனே உலரவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டவே வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்த நீரின் உப்புகள் வெண்கலத்தின்மேல் வெள்ளைத் திட்டுகளாகக் காய்ந்து நிற்கும், குளோரைடு உள்ளே இறங்கினால் இன்னும் மோசம். வியர்வையிலும் குளோரைடு உண்டென்பதால் கையுறை போட்டே தூக்குங்கள்.

வெளிர்பச்சைப் பொடி புள்ளிப் புள்ளியாகத் தோன்றி, துடைத்தபின் மீண்டும் அதே இடத்தில் பூத்தால், அது சாதாரணக் களிம்பு இல்லை. குளோரைடால் வரும் வெண்கல நோய். உருவத்தைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருந்தால் நோய் அடங்கும். முற்றிய நிலையில் உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம்தான் போக வேண்டும். கோடையில் நம் ஊர்க் காற்று இயல்பாகவே வறண்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கவனம் தேவை. சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நுண்படிக மெழுகை, பலரும் ரெனேசான்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் வாங்குவது, மிக மெல்லியதாகத் தடவி, சற்றுப் பொறுத்து, மென்துணியால் துடைத்து மெருகேற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும்.

ஆயுத பூஜைக்கு முன்பே வீட்டாரிடம் பேசிவிடுவதும் பராமரிப்பில் சேர்த்திதான். என் அம்மா அரிவாள்மணையில் தொடங்கி மோட்டார் பம்பு வரை சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், அலமாரியில் இருந்த உருவத்தின் நெற்றியையும் விட்டுவைக்கவில்லை. குங்குமத்தின் சாயம் பாட்டினாவின் நுண்துளைகளில் இறங்கினால் எளிதில் வராது. இப்போது பீடத்துக்குப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், உருவத்துக்கு வேண்டாம் என்று ஒப்பந்தமாகியிருக்கிறது.

பீடத்துக்கு நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய கறுப்புக் கல்லைக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். கண்ணாடி போலப் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள். உருவத்தின் நிழல் அதில் தலைகீழாக விழுந்து பார்வையைக் குழப்பும். மங்கலாக, தேய்ப்பு மட்டும் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டர் சதுரமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கட்டி ஏறத்தாழ 11 கிலோ வரும், சிறிய உருவம் கவிழாமல் நிற்க அது போதும். உருவத்தின் அடியில் ஏற்கெனவே திருகுத் துளை இருந்தால் மட்டும் துருப்பிடிக்காத எஃகுத் திருகால் இணைத்து, இடையில் நைலான் வாஷர் போடுங்கள். புதிதாகத் துளையிடுவதும் பசையால் ஒட்டுவதும் கூடாது. ரப்பர் பாயும் வேண்டாம், அதிலிருந்து வரும் கந்தகம் உலோகத்தைக் கறுக்கவைக்கும். புது பிளைவுட் அலமாரியாக இருந்தால் பசையின் நெடி முழுக்கப் போகும்வரை திறந்தே வைத்திருந்து, அதன் பிறகு உருவத்தை உள்ளே வையுங்கள். விளக்கு மேலிருந்து வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து, உருவத்தின் தோள் உயரத்தில் விழட்டும்.

பீடத்தில் பூட்டுவதற்கு முன் அடிப்பாகத்தை வெயிலில் திருப்பி வைத்து, கையொப்பம், எண், வார்ப்பக முத்திரை, உட்சுவர் ஆகியவற்றை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்துவிடுங்கள். காலிப்பர் அளவுகளையும் எடையையும் பில்லின் நகலிலேயே எழுதி, சுங்க ரசீதோடும் விற்பவரின் கடிதங்களோடும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பூட்டிய பிறகு அவை கல்லுக்குள் மறைந்துவிடும், அடுத்து வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.